முகம் பார்த்து வாக்களிக்கிறோமா? சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

சேலம் நகரிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் வாக்காளர் விழிப்புணர்வு வகுப்புகளில் உளவியல் பற்றிப் பேசி வருகிறேன். எங்கே பேசினாலும், வேட்பாளரின் முகத்துக்கும் தேர்தல் முடிவுக்கும் உள்ள தொடர்பு குறித்து ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தாம் வருகின்றன. கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள், அச்சகத்தார், காபித் தோட்ட மேஸ்திரி, உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைப்பவர்கள் எனப் பலரும் உண்டு. அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். "அந்தத் தலைவர் முகம் எப்படி, இந்தத் தலைவர் முகம் எப்படி?" என்ற கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது. அதற்கு மட்டும் இங்கே விடை இல்லை.

முகத்தப் பாத்து ஓட்டுப் போடுவாங்கன்னு சும்மா சொல்றதுதானே சார், யாராவது அளந்து பாத்திருக்காங்களா?

அளந்து பார்த்திருக்கிறார்கள். இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டோடரோவும் அவருடைய குழுவினரும் செய்து 2005-இல் வெளியிட்டதாகும். அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல்களில் வென்றவர், தோற்றவர் இருவரின் புகைப்படங்களையும் அருகருகே காட்டி, இவர்களில் அதிகத் திறமையுள்ளவராகத் தெரிபவர் யார் என்று மட்டும் கேட்டார்கள். கட்சி, பெயர், ஊர் எதுவும் சொல்லப்படவில்லை. படத்தில் இருப்பவரை யாரேனும் அடையாளம் கண்டுகொண்டால் அந்த விடை கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அப்படியிருந்தும், திறமையானவராகத் தெரிந்தவரே மேலவைப் போட்டிகளில் 71.6 சதவீதத்திலும், கீழவைப் போட்டிகளில் 66.8 சதவீதத்திலும் உண்மையில் வென்றவராக இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் கிடைப்பது 50 சதவீதம்.

இந்த எண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். "நூறு வாக்காளர்களில் எழுபது பேர் முகத்துக்காக வாக்களிக்கிறார்கள்" என்பது இதன் பொருள் ஆகாது. முகத்தை மட்டும் வைத்துச் சொன்ன ஊகம் பத்துத் தொகுதிகளில் ஏழில் பலித்தது, மூன்றில் பலிக்கவில்லை என்பதே பொருள். சில நூறு வாக்குகள் இடம் மாறினாலே முடிவு மாறக்கூடிய தொகுதிகளும் அந்த ஏழில் இருக்கலாம்.

எவ்வளவு நேரம் பாத்தாங்க? உத்துப் பாத்தாத்தானே ஒரு ஆளைப் பத்தித் தெரியும்?

உற்றுப் பார்க்கவில்லை என்பதுதான் வியப்பு. முதல் ஆய்வில் ஒரு நொடி மட்டும் காட்டியபோதும் ஊகம் பலித்தது. 2007-இல் சார்லஸ் பல்லூவும் டோடரோவும் அமெரிக்க மாநில ஆளுநர் தேர்தல் வேட்பாளர்களின் படங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டினார்கள். வேண்டிய அளவு நேரம் கொடுத்தபோது கிடைத்ததற்குக் குறையாமல் அதுவும் பலித்தது. (அமெரிக்காவில் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அதே ஆய்வில், நிதானமாக யோசித்து நல்ல தீர்ப்புச் சொல்லுமாறு சிலரிடம் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய ஊகம் தேர்தல் முடிவோடு ஒத்துப்போவது குறைந்தது. யோசித்ததால் அவர்கள் வேட்பாளரைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. தேர்தல் முடிவில் படிந்திருப்பது யோசிக்காத பார்வை என்பதால், யோசித்த பார்வை அதிலிருந்து விலகிப்போகிறது.

அப்ப அழகா இருக்கறவங்க ஜெயிப்பாங்கன்னு நேரா சொல்லிட்டுப் போலாமே?

அழகும் திறமைத் தோற்றமும் ஓரளவு சேர்ந்தே வருவதால் இந்தக் குழப்பம் இயல்பானதே. அமெரிக்க ஆய்வுகளில் அழகைவிடத் திறமைத் தோற்றம்தான் முடிவோடு அதிகம் ஒட்டி நின்றது. பின்லாந்தில் இது தலைகீழாக இருந்தது. நிக்லாஸ் பெர்க்ரென், ஹென்ரிக் யோர்டால், பனு பௌட்வாரா ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அழகுக்கும் வாக்குக்கும் உள்ள தொடர்பே வலுவாக இருந்தது. ஏற்கெனவே உறுப்பினராக இல்லாத ஒரு நாடாளுமன்ற வேட்பாளர், அழகு மதிப்பீட்டில் ஒரு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) கூடுதலாகப் பெற்றிருந்தால், அவர் பெற்ற வாக்குகளும் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தன. மதிப்பிட்டவர்களோ பின்லாந்துக்கு வெளியே இருந்தவர்கள்.

20 சதவீதம் என்றதும் மலைத்துவிட வேண்டாம். பின்லாந்தில் கட்சியைத் தேர்ந்த பிறகும், அக்கட்சியின் பட்டியலில் உள்ள பலரில் ஒருவரை வாக்காளர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கட்சி, ஏறக்குறைய ஒரே கொள்கை, அறிமுகமில்லாத பெயர்கள் என்று இருக்கும்போது முகத்துக்கு இடம் பெருகிவிடுகிறது. ஒரு தொகுதிக்கு ஒரு கட்சி ஒருவரையே நிறுத்தும் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கீழவையில், 2004 தேர்தலை ஆராய்ந்த ஏமி கிங், ஆண்ட்ரூ லீ ஆகியோருக்கு இதே அளவு அழகு வேறுபாட்டுக்குக் கிடைத்தது 1.5 முதல் 2 சதவீதப் புள்ளிகள்தான். நம் சட்டமன்றத் தேர்தலின் அமைப்பு ஆஸ்திரேலியாவுக்கு அருகில் இருப்பதால், நம் ஊரைப் பற்றி ஊகிக்க விரும்புவோர் இந்தச் சிறிய எண்ணிலிருந்து தொடங்குவது நல்லது. ஆனால் 2021-இல் சென்னை தியாகராய நகர்த் தொகுதி 137 வாக்கு வித்தியாசத்தில் முடிவானது. அத்தகைய இடங்களில் 1.5 சதவீதப் புள்ளி என்பது மிகப் பெரிய தொகை.

சின்னப் பசங்களைக் கேட்டே யாரு ஜெயிப்பாங்கன்னு கண்டுபிடிச்சாங்களாமே, கதையா நெசமா?

நிஜம்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் அன்டோனாகிஸ், ஓலாஃப் டால்காஸ் இருவரும் 2009-இல் இதை வெளியிட்டார்கள். 5 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகளைக் கணினியில் ஒரு கப்பல் விளையாட்டு விளையாட வைத்து, அடுத்த பயணத்துக்கு உங்கள் கப்பலுக்கு யார் தலைவராக இருக்கட்டும் என்று இரண்டு படங்களைக் காட்டிக் கேட்டார்கள். அந்தப் படங்கள் 2002-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மோதிய வேட்பாளர்களுடையவை. குழந்தைகள் தேர்ந்தவரே வென்றவராக இருந்தது 71 சதவீதம். பெரியவர்களைக் கேட்டபோது 72 சதவீதம்.

அரசியல் அனுபவம் கூடக்கூட முகத்தைப் படிக்கும் விதம் மாறும் என்று நம்புகிறவர்களுக்கு இது சங்கடமான முடிவு. ஐந்து வயதிலேயே தலைவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்ற படிமம் உருவாகிவிடுகிறது. பெரியவர்களானதும் அதை நாம் அதிகம் திருத்திக்கொள்வதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் முகம், வெள்ளைக்காரன் கண்ணு. நம்ம ஆளுங்களுக்கு எப்படிங்க பொருந்தும்?

இந்தக் கேள்வியை ஏற்காட்டில் கேட்டார்கள்; நகரத்து வகுப்புகளில் இவ்வளவு கூர்மையாக யாரும் கேட்டதில்லை. இதற்கு இந்தியர்களை வைத்தே செய்யப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. சாப்பல் லாசன், கேப்ரியல் லென்ஸ் உள்ளிட்ட நால்வர் 2010-இல் வெளியிட்டது அது. மெக்சிகோ, பிரேசில் நாட்டு வேட்பாளர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெயரில்லாமல் அமெரிக்காவில் வாழ்பவர்களிடமும் இந்தியாவில் வாழ்பவர்களிடமும் காட்டி, யார் நல்ல மக்கள் பிரதிநிதியாக இருப்பார் என்று கேட்டார்கள். இரு நாட்டாரின் விடைகளும் பெரிதும் ஒத்துப்போயின; ஒட்டுறவுக் கெழு (முழு ஒற்றுமை என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0) 0.70-இலிருந்து 0.87 வரை இருந்தது. தாம் பார்த்திராத நாடுகளின் தேர்தல் முடிவை இருவருமே ஊகத்தால் கணிசமாகத் தொட்டுவிட்டார்கள்.

பல்கேரிய அதிபர் தேர்தல் வேட்பாளர்களை அமெரிக்கர்கள் மதிப்பிட்ட இன்னோர் ஆய்விலும் இதுபோன்ற முடிவே வந்தது. தேர்தலை விட்டுவிட்டு, பொதுவாக முகத்தைப் பார்த்து மனிதரை எடைபோடுவதை மட்டும் எடுத்துக்கொண்டால், 41 நாடுகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியான கூட்டாய்வு இருக்கிறது. "இவர் நம்பத்தக்கவரா, இவர் பலம் மிக்கவரா" என்ற இரண்டு அச்சுகளைச் சுற்றியே முகமதிப்பீடு அமைகிறது என்ற கருத்து, பகுதிக்குப் பகுதி சில மாறுதல்களுடன், பெரும்பாலான இடங்களில் தாக்குப்பிடித்தது.

அப்ப உலகம் பூரா ஒரே மாதிரிதான் பாக்குது, பண்பாடுன்னு ஒண்ணும் கெடையாதா?

பண்பாடு உண்டு, அது நுழையும் இடம்தான் நாம் நினைக்கும் இடம் அல்ல. ஜப்பானியரையும் அமெரிக்கரையும் வைத்து நிக்கோலஸ் ரூலும் நளினி அம்பாடியும் பிறரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வை நான் எப்போதும் விரிவாகச் சொல்வதுண்டு. ஒரு முகம் பலமானதாகத் தெரிகிறதா, கனிவானதாகத் தெரிகிறதா என்பதில் இரு நாட்டாருக்கும் கருத்து வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் அமெரிக்காவில் வாக்குகளோடு ஒட்டிநின்றவை அதிகாரமும் முதிர்ச்சியும் காட்டும் முகங்கள்; ஜப்பானில் ஒட்டிநின்றவை கனிவு காட்டும் முகங்கள். பார்ப்பது ஒன்றே. பார்த்ததற்குக் கொடுக்கும் விலை ஊருக்கு ஊர் வேறு.

அந்த ஆய்வின் கடைசிப் பகுதி இன்னும் சுவையானது. "இவர் தேர்தலில் வெல்வாரா?" என்று நேராகக் கேட்டபோது, இரு நாட்டாருமே தம் நாட்டு வேட்பாளர்களைப் பற்றித்தான் சரியாகச் சொன்னார்கள். அயல்நாட்டு வேட்பாளரைப் பற்றிச் சொல்லும்போது, தம் ஊரில் எந்த முகம் வெல்லுமோ அதே முகம் அங்கேயும் வெல்லும் என்று எண்ணிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் வெளிநாட்டுத் தேர்தலைப் பார்த்து நாம் சொல்லும் ஆரூடங்கள் பல தவறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

கொரியாவில் வேறொரு வகை வேறுபாடு தெரிந்தது. திறமைத் தோற்றம் யாருக்கு இருக்கிறது என்பதில் கொரியரும் அமெரிக்கரும் ஒத்துப்போனாலும், அந்த மதிப்பீடு அமெரிக்கத் தேர்தல் முடிவுகளைக் கணித்த அளவுக்குக் கொரியத் தேர்தல் முடிவுகளைக் கணிக்கவில்லை என 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அஞ்சு ரோட்டுல பிளெக்ஸ் அடிக்கிறோம். சிரிக்கிற படம் வெக்கறதா, மொறப்பான படம் வெக்கறதா? அதை மட்டும் சொல்லுங்க.

பொதுவாகச் சொன்னால், சிரிக்கும் படம். யுசாகு ஹோரியுச்சியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கேமராவில் புன்னகையை அளக்கும் தானியங்கி மென்பொருளைக் கொண்டே வேட்பாளர் படங்களை அளந்தார்கள். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் புன்னகை கூடிய படத்துக்கும் கூடுதல் வாக்குக்கும் தொடர்பு இருந்தது. மனிதரின் கருத்தைக் கேட்காமல் இயந்திரத்தால் அளந்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு.

காலமும் பார்க்க வேண்டும். 2007-இல் பிரிட்டனில் அந்தோனி லிட்டிலும் குழுவினரும், அமெரிக்க அதிபர் தேர்தலில் மோதிய புஷ், கெர்ரி இருவரின் முகச்சாயலை, ஆள் இன்னாரென்று தெரியாதபடி, வேறு முகங்களில் ஏற்றிக் காட்டினார்கள். நாடு போரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னபோது புஷ் சாயலையும், அமைதிக் காலம் என்றபோது கெர்ரி சாயலையும் பலர் தேர்ந்தார்கள். எனவே "வெல்லும் முகம்" என்று நிலையான ஒன்றை எந்த அச்சகமும் விற்க முடியாது. தோலை மழமழவென்று தேய்த்து, பத்து வயதைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தை வேண்டுமானால் யோசித்துப் பார்க்கலாம். அமெரிக்க ஆய்வுகளில் முதிர்ச்சி காட்டும் முகமே வாக்கோடு ஒட்டிநின்றது என்பதை மேலே பார்த்தோம்.

ஓட்டு மெஷின்லயே போட்டோ வெச்சுட்டாங்களே, அது எதுக்கு? அது ஆபத்தில்லையா?

ஒரே பெயருள்ள பலரை நிறுத்தி வாக்காளரைக் குழப்பும் தந்திரத்தைத் தடுக்கவே, இந்தியத் தேர்தல் ஆணையம் 2015-இல் வாக்குப்பதிவு இயந்திரத்தின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் படத்தைச் சேர்த்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பொதுத்தேர்தலில் அது 2016-இல் வந்தது. படத்துக்கு விதிகளும் உண்டு: 2 சென்டிமீட்டர் அகலம், 2.5 சென்டிமீட்டர் உயரம், வெள்ளைப் பின்னணி, கேமராவை நேராகப் பார்க்கும் முழு முகம், உணர்ச்சி காட்டாத தோற்றம், கடந்த மூன்று மாதங்களுக்குள் எடுத்தது. சீருடை கூடாது; தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் தவிர்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். காலத்தில் இந்த விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. 2025 செப்டம்பரில் ஆணையம் இன்னொரு படி போய், பீகார் சட்டமன்றத் தேர்தலில் தொடங்கி வண்ணப் படம் அச்சிடவும், படப்பரப்பின் முக்கால் பங்கை முகமே நிரப்பவும் உத்தரவிட்டது.

ஆபத்து இல்லையா என்றால், சிறிது உண்டு. 2012-இல் கலிபோர்னியாவில் முதனிலைத் தேர்தலுக்கு (இறுதிப் போட்டிக்குப் போகும் வேட்பாளர்களைத் தேரும் முதற்கட்டத் தேர்தல்) சற்று முன், சில வாக்காளர்களுக்குப் படமுள்ள மாதிரி வாக்குச்சீட்டையும் வேறு சிலருக்குப் படமில்லாததையும் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். படமுள்ள சீட்டில், தோற்றத்தில் முந்தியவர்கள் கூடுதல் ஆதரவு பெற்றார்கள். ஆனாலும் நம் விதியில் உள்ள "உணர்ச்சி காட்டாத தோற்றம்" என்ற நிபந்தனை, முன் கேள்வியில் சொன்ன புன்னகையின் பயனையாவது எல்லாரிடமிருந்தும் ஒரே அளவில் பறித்துவிடுகிறது. பெயர்க்குழப்பத்தால் வாக்கு வேறொருவருக்குப் போவதையும் இதையும் எடைபோட்டால், படம் இருப்பதே மேல் என்பது என் தீர்ப்பு. வாக்களித்ததும் ஏழு நொடி தெரியும் ஒப்புகைச் சீட்டில் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவையே இருக்கும், முகம் இருக்காது.

எங்க மலையில கட்சி, சின்னம், இது ரெண்டுதான். நின்னவரு மொகமே பாதிப் பேருக்குத் தெரியாதுங்க. அப்பறம் முகம் என்ன பண்ணும்?

நாகலூரில் ஒருவர் கேட்டது. தமிழ்நாட்டுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் மறுப்பு இது. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை முன்பின் அறியாதவர்களின் படங்களை மதிப்பிடச் செய்தவை. நம் ஊர்ச் சுவரொட்டியிலோ கட்சித் தலைவரின் முகம் பெரிதாகவும் வேட்பாளரின் முகம் ஓரத்தில் சிறிதாகவும் இருக்கிறது. வாக்காளர் மனத்தில் முதலில் எழுவது சின்னம். கட்சி, கூட்டணி, சாதி, ஆட்சி மீதான கோபம் ஆகியவை வாக்கைத் தீர்மானிக்கும் இடத்தில் முகத்துக்கு மிச்சமிருப்பது ஓரமே. தேர்தல் விதிமுறைகள் தோற்றத்தின் தாக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடும் என்பதை மெக்சிகோ, பிரேசில் வேட்பாளர்களை ஆராய்ந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை லென்ஸும் லாசனும் 2011-இல் காட்டினார்கள். 2006 அமெரிக்கத் தேர்தல்களில் தோற்றத்தின் தாக்கம், அரசியல் அதிகம் தெரியாமல் தொலைக்காட்சி மட்டும் அதிகம் பார்க்கும் வாக்காளர்களிடம் குவிந்திருந்தது. விவரம் தெரிந்தவர்களிடம் அது பெரிதாகத் தெரியவில்லை. ஏற்காடு தொகுதியைப் பற்றி ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றது சேந்தமங்கலம். மலைக் கிராமங்களோடு வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளியும் ஏற்காடு தொகுதியில் சேர்கிறது. சமவெளி வாக்காளர்கள் பலருக்கு வேட்பாளர்களில் எவரும் தம் சமூகத்தவராக இருக்க மாட்டார். சாதி என்ற அடையாளம் அங்கே உதவாதபோது கட்சிச் சின்னமே இன்னும் பெரிதாகும் என்று நான் நினைக்கிறேன். கட்சிப் பிடிப்பில்லாத சிலரிடம் முகத்துக்கும் சற்று இடம் கிடைக்கலாம்.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல்ல கட்சியே இல்லையே. அங்க முகம்தானே ஜெயிக்கும்?

கட்சி இல்லாத இடத்தில் முகம் பெருகும் என்ற ஊகம் பின்லாந்து விடையோடு பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் வெள்ளக்கடையிலோ மாரமங்கலத்திலோ தலைவர் பதவிக்கு நிற்பவரை வாக்காளருக்குச் சிறுவயது முதல் தெரியும். அவருடைய தாத்தாவையும் தெரியும். முதல் பார்வை வேலை செய்வது வேறெதுவும் தெரியாதபோதுதான். பத்தில் ஒரு நொடிப் பார்வை நாற்பது ஆண்டுப் பழக்கத்தை மிஞ்சாது. மாநகராட்சி வார்டு வேறு கதை: பக்கத்துத் தெருவில் இருப்பவரைக்கூடத் தெரியாத அஸ்தம்பட்டி அடுக்குமாடி வாசிக்குத் துண்டறிக்கையில் உள்ள படம்தான் முதல் அறிமுகம்.

எம்.ஜி.ஆர். முகத்துக்குத்தானே ஓட்டு விழுந்துச்சு? அதுக்கு என்ன சொல்றீங்க?

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டி.ஆர். சுந்தரம் நிறுவிய அந்தப் படநிறுவனத்தில் கருணாநிதி வசனம் எழுதினார், எம்.ஜி.ஆர். நடித்தார். ஆனால் எம்.ஜி.ஆரின் முகத்தை இந்த ஆய்வுகளால் விளக்க முடியாது. 1977-இல் அவர் முதலமைச்சரானபோது, அந்த முகத்தை மக்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஏழைக்குப் பரிந்து பேசும் பாத்திரங்களில் பார்த்துப் பழகியிருந்தார்கள். அது முதல் பார்வையின் வேலை அன்று. கதைகள் சேர்ந்து சேர்ந்து ஏறிய மதிப்பு அது.

1967 தேர்தலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அந்த ஆண்டு சனவரியில் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டுப்போட்டு மருத்துவமனையில் இருக்கும் படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கு வராமலே அவர் பரங்கிமலையில் வென்றார். அந்தப் படம் வேலை செய்தது முகத்தின் அமைப்பால் அல்ல, அந்த முகத்துக்கு நேர்ந்ததால்.

கறுப்பா இருந்தா ஓட்டுக் கொறையுமா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்துதான் கேட்கிறார்கள். தெளிவான ஒரு சான்று ஆஸ்திரேலியாவின் வடக்கு மண்டலத்திலிருந்து வருகிறது. அங்கே வாக்குச்சீட்டில் வேட்பாளர் படம் உண்டு. ஆண்ட்ரூ லீயும் டிர்டா சுசிலோவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பழங்குடி வாக்காளர்கள் குறைவாக உள்ள தொகுதிகளில் வெளிர்நிறத்தவருக்கு அதிக வாக்குகளும், பழங்குடியினர் அதிகம் உள்ள தொகுதிகளில் அடர்நிறத்தவருக்கு அதிக வாக்குகளும் கிடைத்தன. அதாவது, நிறத்துக்கென்று தனி விலை இல்லை. "நம்மவர்" என்பதற்கு அது அடையாளமாக வாசிக்கப்படுகிறது. சிவப்பு நிறத்தைக் கொண்டாடும் திருமண விளம்பரங்களை வைத்து நம் தேர்தலை ஊகிப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பிளெக்ஸில் வேட்பாளரை வெளுக்க வைக்கும் அச்சகத்தார் அவருக்கு உதவுகிறாரா என்பது எனக்கு ஐயமே.

பொம்பளைங்க நின்னா இதே கணக்குதானா?

முழுவதும் இல்லை. ஜோன் சியாவ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், திறமைத் தோற்றம் ஆண், பெண் இரு வேட்பாளருக்கும் உதவியது. அதற்கு மேல், ஆண் வேட்பாளருக்கு எளிதில் அணுகத்தக்கவர் என்ற தோற்றமும், பெண் வேட்பாளருக்கு அழகும் வாக்குச் சேர்த்தன. பெண்ணிடம் மட்டும் கூடுதலாக ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது என்பதே இதன் சுருக்கம்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், போட்டியிடும் அனைவரும் பெண்களாகவே இருக்கும் வார்டுகள் ஏராளம். அங்கே ஆண் பெண் ஒப்பீடு எழாது. ஆனால் சுவரொட்டியில் அவருக்குப் பக்கத்தில் கணவரின் படமும் சம அளவில் கைகூப்பி நிற்கும். வாக்காளர் எந்த முகத்தை மதிப்பிடுகிறார் என்பதை உளவியலாளர் யாராவது இங்கே வந்து அளக்க வேண்டியிருக்கிறது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே? அப்ப முகம் பாத்துச் சொல்றது சரியாத்தானே இருக்கும்?

அந்த நேரத்துக் கோபம், அச்சம், மகிழ்ச்சி முகத்தில் தெரியும் என்பது உண்மை. திறமையும் நேர்மையும் எலும்பமைப்பில் எழுதப்பட்டிருக்கும் என்பது வேறு கூற்று. சாமுத்திரிகா லட்சணம் அதைத்தான் சொல்கிறது, அதற்குப் போதிய சான்று இல்லை. இதுவரை சொன்ன எண்கள் எல்லாமே "மக்கள் யாருக்கு வாக்களித்தார்கள்" என்பதைக் கணித்தவை. வென்றவர் பிறகு நன்றாகப் பணியாற்றினாரா என்பதை அவற்றில் ஒன்றுகூட அளக்கவில்லை. மிக எடுப்பான தோற்றத்துக்குப் பெயர்போன வாரன் ஹார்டிங், 1920-இல் பெரும் வெற்றியுடன் அமெரிக்க அதிபரானார். அவருடைய ஆட்சி ஊழலுக்காகவே நினைக்கப்படுகிறது.

எதிர்ப்பக்கச் சான்று ஒன்றும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. சூஜுன் லின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க அரசியல்வாதிகளின் படங்களைப் பார்த்தவர்கள், ஊழலில் தண்டனை பெற்றவர்களையும் அப்படிப் பெறாதவர்களையும் வெறும் ஊகத்தைவிடச் சற்று மேலாகப் பிரித்தறிந்தார்கள். ஒரே முகத்தைக் கணினியில் அகலமாக்கிக் காட்டினால், அது லஞ்சத்துக்கு வளையும் முகமாகத் தெரிந்தது. ஆனால் அப்படிப்பட்ட முகத்தவரிடம் லஞ்சம் கொடுக்கப் பலர் துணிந்து போயிருக்கலாம். விசாரணை அதிகாரிகளும் அவரை முதலில் சந்தேகித்திருக்கலாம். அகன்ற முகம் உள்ளவர் ஊழல்வாதி என்று இதிலிருந்து முடிவுகட்டுவது, அந்த ஆய்வே எச்சரித்த பிழையாகும்.

கட்சிக்காரங்களே ஜெயிக்கிற எடத்துல நல்ல மொகமா பாத்து நிறுத்தியிருந்தா? அப்ப முகம் ஜெயிக்க வெக்கல, ஜெயிக்கிற எடத்துக்கு முகம் வந்துச்சுன்னுதானே ஆகும்?

ஒரு மாணவி கேட்ட இது, ஆய்வாளர்களே தமக்குள் வாதிட்ட கேள்வி. மேத்யூ அட்கின்சன், ரயன் ஈனோஸ், சேத் ஹில் ஆகிய மூவர் 2009-இல் அமெரிக்கத் தரவைக் கொண்டு இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். போட்டி கடுமையாக இருக்கும் இடங்களில் தோற்றப்பொலிவுள்ள போட்டியாளர்கள் நிற்கிறார்கள். தோற்பது உறுதியான இடங்களில் கிடைத்தவர் நிற்கிறார். இதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முகத்தின் தாக்கம் சுருங்குகிறது. வைப்புத்தொகையே திரும்பாத தொகுதிகளில் நம் கட்சிகள் யாரை நிறுத்துகின்றன என்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

ஆகவே படங்களையும் முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகள் மட்டும் போதா. வாக்குப்பதிவு இயந்திரம் பற்றிய விடையில் சொன்ன கலிபோர்னியச் சோதனைக்கு மதிப்பு வருவது இங்கேதான்: அதே வேட்பாளர்கள், அதே தொகுதி, படம் மட்டும் மாறுகிறது. அப்போதும் தாக்கம் மறையவில்லை. சுருங்குகிறது, ஆனால் பூச்சியமாகவில்லை என்பதே இன்றைய நிலை.

என் முகத்தையே வேட்பாளர் முகத்தோட கலந்து எனக்கே காட்டினா ஏமாந்துடுவேனா? இப்பத்தான் ஏ.ஐ. வந்துடுச்சே.

ஏ.ஐ. வருவதற்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரமி பெய்லன்சன், சாந்தோ ஐயங்கார் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்பாளரின் முகத்தை வேட்பாளரின் முகத்தோடு கணினியில் கலந்து அவரிடமே காட்டினார்கள். பங்கேற்பாளர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. முன்பின் தெரியாத வேட்பாளர் என்றால் தம் சாயல் கலந்தவர் மீது விருப்பம் கூடியது. புஷ், கெர்ரி போன்ற நன்கறிந்த முகங்களில் கட்சிப் பிடிப்புள்ளவர்கள் அசையவில்லை. எந்தக் கட்சியிலும் உறுதியாக இல்லாதவர்கள் அசைந்தார்கள். நாகலூர்க்காரருக்குச் சொன்ன விடையில் வந்த அதே ஓரத்து வாக்காளர்கள்தாம் இவர்களும்.

2024 மக்களவைத் தேர்தலின்போது, போலியாகத் திரித்த காணொளி, படங்களைக் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. யாராவது பார்த்துப் புகார் சொல்லும் திரிப்புகளுக்கே அந்த உத்தரவு பயன்படும். கைபேசியில் உங்களுக்கு மட்டும் வரும் ஒரு படத்தில் உங்கள் சாயல் மெல்லக் கலக்கப்பட்டிருந்தால், ஸ்டான்ஃபோர்டில் யாரும் கண்டுபிடிக்காததைப் போலவே நீங்களும் கண்டுபிடிக்க மாட்டீர்கள். ஆகவே புகார் கொடுக்கவும் போக மாட்டீர்கள்.